அறுபது டிகிரி வரும்வரை

தண்ணீர் அறுபது டிகிரிக்கு வரும்வரை எஞ்சினை யாரும் தொடக் கூடாது என்று சீஃப் எஞ்சினியர் சொல்லிவிட்டு மேலே போயிருக்கிறார். இப்போது நாற்பத்து நாலு. காலை ஏழு மணி. எஞ்சினைச் சுற்றி ஓடுகிற தண்ணீரை விடிகாலையிலிருந்து சூடாக்கிக்கொண்டிருக்கிறோம், மணிக்கு நாலு டிகிரி, அதற்கு மேல் அவசரப்படக் கூடாது, அவசரப்பட்டால் இரும்பு ஒரு பக்கம் விரியும் ஒரு பக்கம் விரியாது, வெடிப்பு விழுந்துவிடும். பதினாலு மாதம் ஒரே இடத்தில் நங்கூரம் போட்டுக் கிடந்த கப்பல். மூன்று மாடி உயர எஞ்சின், ஆறு சிலிண்டர், பதினாலு மாதமாக ஒரு சொட்டு எண்ணெய் எரியாமல் நிற்கிறது. இன்றைக்கு ஓடப்போகிறது. அரை மணிக்கு ஒருமுறை தெர்மாமீட்டரைப் பார்த்து லாக் புத்தகத்தில் எழுதுவது என் வேலை. நாற்பத்து நாலு என்று எழுதினேன். எழுதிவிட்டு, நாற்பத்து நாலுதானா என்று திரும்பப் போய்ப் பார்த்தேன். நாற்பத்து நாலுதான். உனக்கென்ன ராயப்பா, கண் தெரியவில்லையா, இருபது வருஷமாக மோட்டார்மேன் வேலை பார்க்கிறாய், ஒரு தெர்மாமீட்டரை இரண்டுதரம் பார்ப்பானேன். பேனாவைச் சட்டைப் பையில் செருகினேன். பை கனத்தது. பேனாவுக்கு என்ன கனம், ஒன்றும் இல்லை, ஆனாலும் கனத்தது.

கப்பல் ஏன் நின்றது என்பதை அப்போதிருந்த கேப்டன் சாப்பாட்டு மேஜையில் சர்க்கரைப் பொட்டலங்களை வரிசையாக வைத்து எங்களுக்கு விளக்கினார். இது அமெரிக்காவில் வீடு வாங்கினவன். இவன் தவணை கட்டவில்லை. இது பேங்க், அது விழுந்தது. இது கடைக்காரன், இவனுக்கு பேங்க் பணம் கொடுக்கவில்லை, ஆகவே இவன் சீனாவிலிருந்து சரக்கு எடுக்கவில்லை. சரக்கு இல்லாததால் கன்டெய்னர் பெட்டி இல்லை, பெட்டி இல்லாததால் கப்பல் இல்லை. கடைசிப் பொட்டலத்தைப் பிரித்துத் தன் டீயில் கொட்டிக்கொண்டார். இருபத்திரண்டு பேரில் பதினேழு பேரை இறக்கி விமானம் ஏற்றினார்கள், அவரையும்தான். மேட் என்கிற முதல் அதிகாரி, செகண்ட் எஞ்சினியர், ஒரு எலக்ட்ரீஷியன், சமையல்காரர், நான், ஐந்து பேர் மிச்சம். பாதிச் சம்பளம், சம்மதமா என்று கேட்டார்கள். சம்மதம் என்றேன். கப்பலைச் சும்மா போட்டு வைக்கவும் ஐந்து பேர் வேண்டும், துருப்பிடிக்காமல் பார்க்க, திருடன் ஏறாமல் பார்க்க. பகலில் ஒன்றும் தோன்றாது, படுத்தால் அந்த முதல் பொட்டலம் ஞாபகத்துக்கு வரும். அந்த மனுஷன். அவனுக்கு என்ன பெயரோ. அவன்மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. வீட்டுச் சாமான்களோடு தெருவில் நிற்கிற மாதிரி ஒரு ஆளை நினைத்துக்கொள்வேன், அவன் பாட்டுக்கு நிற்பான், நான் பாட்டுக்கு இங்கே கிடப்பேன், எங்களுக்கு நடுவில் இத்தனை கடல். அவனுக்கு வேறு வீடு கிடைத்திருக்குமா. நாற்பத்து ஆறு. எழுது. நாற்பத்து ஆறு.

மலேசியாவில் ஜொகூர் கரைக்குக் கிழக்கே இந்த இடத்தில் மட்டும் பத்தொன்பது கப்பல்கள் கிடந்தன. எண்ணெய்க் கப்பல், கார் ஏற்றுகிற கப்பல், எங்களைப் போலப் பெட்டி ஏற்றுகிற கப்பல், எல்லாம் சரக்கில்லாமல் வயிறு மேலே தெரிய, சிவப்புச் சாயம் வெயிலில் வெளுத்துக்கொண்டு. அலை திரும்பும்போது எல்லாம் சேர்ந்து திரும்பும், மாடுகள் மழைக்கு முதுகைக் காட்டுகிற மாதிரி. ஜனவரியில் முதலாவது போனது. நாங்கள் ஐந்து பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். புகைபோக்கியில் கறுப்பாய் ஒரு கொத்து வந்தது, பிறகு வெளுத்தது, பிறகு அது மெதுவாக நகர்ந்தது. சமையல்காரர் கை தட்டினார். எனக்குக் கை தட்டத் தோன்றவில்லை. பொறாமை என்று அன்றைக்கு நினைத்தேன், இப்போது யோசித்தால் பொறாமை மட்டும் இல்லை. அப்புறம் மூன்று வாரம் ஒன்றும் நகரவில்லை. அப்புறம் ஒரே நாளில் இரண்டு. அதில் ஒன்று பத்து நாளில் திரும்பி வந்து பழைய இடத்திலேயே நங்கூரம் போட்டது, கிடைத்த ஓட்டம் ரத்தாகிவிட்டதாம். டிவியில் ஒருத்தன் உலகம் மீண்டுவிட்டது என்பான், பக்கத்தில் இருக்கிறவன் இன்னும் இல்லை என்பான், இரண்டு பேரும் நல்ல சட்டை போட்டிருப்பார்கள். நான் கப்பலை எண்ணுவேன். பதினெட்டு. பதினாறு. திரும்பப் பதினேழு.

"அண்ணாச்சி, எவ்வளவு?" என்று மேல் தட்டிலிருந்து கேட்டான் வேதமுத்து. "நாப்பத்தெட்டு" என்றேன். "அறுபது ஆகட்டும், அறுபது ஆகட்டும்" என்று பாட்டு மாதிரி சொல்லிக்கொண்டே ஏதோ பெட்டியைத் திறந்து வயரைச் சோதிக்கிறான். புது எலக்ட்ரீஷியன், பத்து நாளைக்கு முன்னால் சீஃபோடும் மற்றவர்களோடும் வந்து ஏறினவன், பாளையங்கோட்டைக்காரன். வந்தவர்கள் எல்லாருமே இப்படித்தான், முகத்தில் ஒரு வெளிச்சம். ஒரு வருஷம் கரையில் இருந்தவர்கள். இவன் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் ரீசார்ஜ் கடையில் உட்கார்ந்திருந்தானாம். கப்பல்காரன் என்று பெண் கொடுத்தவர்கள், கடைக்கு வந்து பத்து ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்துவிட்டுப் போவார்களாம், பேச மாட்டார்களாம். "அசையணும் அண்ணாச்சி. இது அசைஞ்சாத்தான் நான் நம்புவேன். ஆர்டர் கைக்கு வந்தப்பவும் நம்பல, பிளேன்ல ஏறினப்பவும் நம்பல" என்று முதல் நாளே என்னிடம் சொன்னான். வியாழக்கிழமை நள்ளிரவுக்குள் போர்ட் கிளாங் துறைமுகத்தில் போய் நிற்க வேண்டும். நின்றால் ஆறு மாத ஓட்டம். தவறினால் கப்பலை வாடகைக்கு எடுத்தவன் வேண்டாம் என்று சொல்லிவிடலாம், பேப்பரில் அப்படி எழுதியிருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல ஏதாவது காரணம் கிடைக்காதா என்று பார்க்கிறவர்கள்தான் இப்போது எல்லாரும். இன்றைக்குச் செவ்வாய். போய்ச் சேர இருபது மணி நேரம் போதும். மத்தியானம் ஒரு மணிக்கு, கப்பலுக்கு வழி காட்டிக் கொண்டுபோகிற பைலட் வருகிறார். நேரம் இருக்கிறது. நேரம் இருக்கிறது என்று நான் ஏன் கணக்குப் போடுகிறேன்.

பிரகாசியிடம் பத்து நாளைக்கு ஒருதரம் பேசுவேன், கம்பெனி ஏஜெண்டின் படகு வந்து மலேசியா போன் கார்டு கொடுத்தால். என் வீட்டுக்காரி. தூத்துக்குடியில் இறால் கம்பெனியில் உரிக்கிற வேலை. முன்னால் ஆறு நாள் வேலை. அமெரிக்காக்காரன் இறால் வாங்குவதைக் குறைத்துவிட்டான் என்று மூன்று நாளாக்கினார்கள், இரண்டாக்கினார்கள், போன செப்டம்பரில் கேட்டையே பூட்டினார்கள். அதே அமெரிக்காக்காரன்தான், அங்கேயும் அவன்தான் என்று நினைத்துச் சிரிப்பு வந்தது எனக்கு, அவளிடம் சொல்லவில்லை. ஜனவரியில் திறந்தார்கள். போன தடவை பேசினபோது, "இந்த வாரம் மூணு நாளு கூப்பிட்டிருக்காவ" என்றாள். "அப்ப சரியாயிட்டா?" என்றேன். "சரியாயிட்டுன்னு யாரு சொன்னா? மூணு நாளுன்னுதான் சொன்னாவ" என்றாள். அவள் எப்போதும் அப்படித்தான், உள்ளதைச் சொல்வாள், ஒரு விரற்கடை கூடவோ குறையவோ சொல்ல மாட்டாள். ஐஸில் நின்று நின்று விரல் நுனியெல்லாம் வெளிறிப் போயிருக்கும். நான் லீவில் போகும்போது அந்தக் கையை என் கைக்குள் வைத்துக்கொள்வேன், சூடேற நேரம் ஆகும். ஐம்பது. எழுதினேன். ஐம்பது என்பதில் ஒரு பொய்யும் இல்லை. உள்ளதை எழுதினால் இத்தனை லேசாக இருக்கிறது கை.

திங்கட்கிழமை. எல்லாம் திங்கட்கிழமையில் வந்து முட்டுகிறது. ஓடாத எஞ்சினைத் திங்கட்கிழமைதோறும் அரை மணி நேரம் சுற்றிவிட வேண்டும். பெரிய வேலை இல்லை, எண்ணெய்ப் பம்பைப் போட்டு, டர்னிங் கியர் என்று ஒரு சின்ன மோட்டார் இருக்கிறது, அதன் பொத்தானை அமுக்கினால் எஞ்சின் உள்ளே மெதுவாகப் புரளும், படுத்த படுக்கையாய்க் கிடக்கிறவரைப் புரட்டிப் படுக்க வைக்கிற மாதிரி. புரட்டாவிட்டால் புண் வரும். எஞ்சினுக்குத் துரு. முப்பது திங்கட்கிழமை புரட்டினேன், ஒன்றுகூடத் தவறவில்லை, காய்ச்சலில்கூட. முப்பத்தொன்றாவது திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை ஏஜெண்ட் படகுக்காரன் சொன்னான், உங்கள் கப்பலை உடைக்கக் கொடுத்துவிட்டார்கள் என்று. கம்பெனியிலிருந்து போனில் பேசினவரும் இல்லை என்று சொல்லவில்லை, அநேகமாக என்றார். அன்றைக்கு மத்தியானம்தான் பிரகாசி கேட்டைப் பூட்டிவிட்டார்கள் என்றாள். அழவில்லை, பூட்டு புதுசாக இருந்தது என்று சொன்னாள். திங்கட்கிழமை காலையில் கண் விழித்தேன். எழுந்திருக்கவில்லை. சோம்பல் இல்லை அது, சோம்பல் எனக்குத் தெரியும். உடைக்கப்போகிற கப்பலை எதற்குப் புரட்டுவது என்று யோசித்ததுகூட இல்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன், கூரையில் ஒரு திருகாணிக்குப் பக்கத்தில் சாயம் பெயர்ந்திருந்தது, அதைப் பார்த்தேன், மத்தியானம் ஆகிவிட்டது. சாயந்திரம் எழுந்து போய் லாக் புத்தகத்தில் எழுதினேன். சுற்றப்பட்டது, முப்பது நிமிடம், எல்லாம் சரி. முப்பது வாரம் எழுதின அதே எழுத்து, அதே சாய்வு. செகண்ட் எஞ்சினியர் பர்மாக்காரர், முதுகுவலிக்காரர், கீழே இறங்கி வரமாட்டார், என் எழுத்தின் கீழே கையெழுத்துப் போட்டார். தேங்க்யூ என்றார். அடுத்த திங்கள். அதற்கடுத்த திங்கள். மூன்று.

பிறகு உடைக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை, பழைய இரும்பு விலையும் விழுந்துவிட்டது என்று மேட் சொன்னார், உடைத்தாலும் லாபம் இல்லையாம். நாலாவது திங்கட்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்து பொத்தானை அமுக்கினேன். மோட்டார் உறுமியது, ஆம்பியர் காட்டுகிற முள் மேலே போய் நின்றது, எஞ்சின் புரளவில்லை, ஒரு மூச்சு விடுகிற நேரம், பிறகு நாலாம் சிலிண்டர் பக்கத்திலிருந்து கர் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். முள் இறங்கிவிட்டது, எஞ்சின் எப்போதும்போலப் புரண்டது. கர். அடுத்த வாரம் அந்தச் சத்தம் இல்லை. அதற்கப்புறம் ஒருநாளும் இல்லை. ஏழு மாதம் ஆகிறது. ஒன்றும் இருக்காது. மூன்று வாரம்தானே, சில கப்பல்களில் மூன்று மாதம் சுற்ற மாட்டார்கள், ஒன்றும் ஆகாது. புதுசாக வந்த எஞ்சினியர்கள் போன வாரம் சிலிண்டர்களைத் திறந்து பார்த்தார்கள். ஆறையும் திறக்க நேரம் இல்லை, ஒன்று, இரண்டு, ஆறு, மூன்றைத் திறந்தார்கள், கண்ணாடி மாதிரி இருந்தது. சீஃப் லாக் புத்தகத்தைப் புரட்டினார், எல்லாத் திங்கட்கிழமையும் இருந்தது, என் தோளில் தட்டினார். "பிள்ளையைப் பாத்தமாதிரி பாத்திருக்கேடே. மிச்சம் மூணையும் திறக்காண்டாம்" என்றார். நாகர்கோவில்காரர், தாணுலிங்கம், அறுபது வயதுக்குப் பக்கம். தட்டின இடம் இன்னும் இருக்கிறது. ஐம்பத்து இரண்டு.

ஒன்றும் இருக்காது. ஓடும். ஓடிவிட்டால் எல்லாம் முடிந்தது, சத்தம் எல்லாச் சத்தத்தோடும் கலந்துவிடும், யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எனக்குமா. சொன்னால் என்ன ஆகும், பொய் எழுதின ஆள் என்று போர்ட் கிளாங்கில் இறக்கிவிடுவார்கள், கம்பெனியில் பெயருக்கு எதிரே ஒன்று எழுதுவார்கள், ஒரு மோட்டார்மேன் வேலைக்கு இருநூறு பேர் நிற்கிற காலத்தில் அந்த ஒன்று போதும். என் பாடு போகட்டும். திறந்து பார்க்க நேரமாகி, வியாழக்கிழமை தவறி, ஓட்டமும் போய், வேதமுத்து திரும்ப அந்த ரீசார்ஜ் கடையில் போய் உட்கார்ந்தால். மேலே, புதுசாக வந்த பதினேழு பேர் துணி துவைத்துக் காயப்போட்டிருக்கிறார்கள். இத்தனை பேருக்கும் வந்த நல்ல காலத்தை நான் ஒருத்தன் வாயைத் திறந்து கெடுப்பதா. நியாயம்தானே இது. நியாயம் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் நான் முதல் முதலாக ஏறின கப்பலில் வங்காள விரிகுடாவில் எஞ்சின் நின்றது. ஐப்பசிக் காற்று. எஞ்சின் இல்லாத கப்பல் அலைக்குப் பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும், யாராலும் தடுக்க முடியாது, ஒவ்வொரு அலைக்கும் சாயும், நிமிர யோசிக்கும். பதினோரு மணி நேரம். சிலிண்டர் சுவர் கீறிப்போய்ப் பிஸ்டன் பிடித்துக்கொண்டது என்று அப்புறம் சொன்னார்கள். நான் படிக்கட்டுக் கம்பியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பக்கத்தில் இருந்த ஆள் வாந்தி எடுத்துக்கொண்டே ஜெபம் சொன்னார். அந்த நிமிரும் யோசனை, அது இன்னும் உடம்பில் இருக்கிறது. ஐம்பத்து நாலு. ஐம்பத்து நாலு என்று எழுதினேன். இந்தப் பக்கத்தில் இருக்கிற எல்லா எண்ணும் உண்மை. இதே புத்தகத்தில் நூறு நூற்றைம்பது பக்கம் முன்னால் மூன்று வரி. மூன்றே வரி. அதை நம்பித்தான் நாலாம் நம்பரைத் திறக்கவில்லை.

எப்போது தீர்மானித்தேன் என்று தெரியவில்லை. சீஃப் படியில் இறங்கி வருகிற செருப்புச் சத்தம் கேட்டது, தெர்மாமீட்டரைப் பார்க்க வந்தார், ஐம்பத்து ஏழு. "இன்னும் முக்கா மணிக்கூர்" என்றார். என் முகத்தைப் பார்த்தார். "என்னடே, உடம்பு சரியில்லியா?" நான் சொன்னேன், "சார், நாலாம் நம்பரைத் திறந்து பாக்கணும்." "எதுக்கு?" "செப்டம்பர்ல மூணு வாரம் நான் சுத்தல சார்." "லாக்ல இருக்கே." "எழுதினேன் சார். சுத்தல." வேதமுத்துவின் பாட்டு நின்றது. ஹீட்டர் பம்பு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சீஃப் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார், அது அழுக்காக இல்லை. பிறகு நான் அந்த முள்ளையும் சத்தத்தையும் சொன்னேன், சொல்லச் சொல்ல என் குரல் வேறு யாருடையதோ மாதிரி தெளிவாக இருந்தது. "வேற ஆருக்குத் தெரியும்?" "யாருக்கும் தெரியாது." "பின்ன இப்பம் எதுக்குடே சொல்லுக? போன வாரம் மூணைத் திறந்தோமே, அப்பம் சொல்லியிருக்கலாம்லா?" "அப்ப தைரியம் வரல சார். ஓட விட்டுட்டு அப்புறம் சொல்ல முடியாது" என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மணியைப் பார்த்தார், பத்தேகால். போனை எடுத்துக் கேப்டனிடம், பைலட்டைத் தள்ளிப்போடுங்கள், ஒரு சிலிண்டரைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்றார். எதிர்முனையில் கத்துவது எனக்கே கேட்டது. "சாயந்திரம் நாலு மணிக்குச் சொல்லுகேன்" என்று வைத்துவிட்டார். "ஸ்பேனர எடு" என்றார் என்னிடம்.

நாலாம் நம்பரின் பக்கவாட்டு மூடியில் இருபத்து நாலு போல்ட்டையும் நானும் வேதமுத்துவும் கழற்றினோம். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசி போல்ட்டில் மட்டும், "ஒரு வருஷம் அண்ணாச்சி" என்றான். உள்ளே ஊர்ந்து போய் டார்ச் அடித்தேன். சீஃப் வெளியே நின்று டர்னிங் கியரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றச் சொன்னார், பிஸ்டன் இறங்கி வந்தது. சுவரில் காவி நிறத்தில் ஒரு விரல் அகலத்துக்கு ஒரு கோடு, பாதி வட்டம். மூன்று வாரம் பிஸ்டன் நின்ற இடம். அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் போய்விட்டது, நிம்மதிகூட வந்தது, இதோ இருக்கிறது, இத்தனை நாள் எனக்குள் இருந்தது இதோ இரும்பில் இருக்கிறது, விரல் வைத்துத் தொடலாம். பிஸ்டன் வளையங்களை ஒரு மரக்குச்சியால் அமுக்கிப் பார்த்தேன். அமுக்கினால் உள்ளே போய்த் திரும்ப வர வேண்டும். முதலாவது வந்தது. இரண்டாவது அசையவில்லை. "ரெண்டாவது ஒட்டிக்கிட்டு சார்" என்று கத்தினேன். சீஃப் தானே உள்ளே ஊர்ந்து வந்தார், அந்த வயதில், அந்த உடம்போடு. பார்த்தார். "ஸ்டார்ட் ஆகியிருக்கும், கேட்டியா. ஓடியுமிருக்கும். ரெண்டு நாள்ல சுவரைக் கீறியிருக்கும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எண்ணெயை ஊற்றி ஊற்றி ஊறவிட்டு, மரக்குச்சியால் தட்டித் தட்டி, மழுங்கின கல்லால் அந்தக் காவிக் கோட்டைத் தேய்த்துத் தேய்த்து, மத்தியானச் சாப்பாடு போய்விட்டது. வேதமுத்து வெளியிலிருந்து துணி நனைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஒருதரம் துணியோடு தண்ணீர் பாட்டிலையும் நீட்டினான். "நானா இருந்தா சொல்லிருக்க மாட்டேன்" என்றான், பாராட்டுகிற மாதிரியும் இல்லை, குறை சொல்கிற மாதிரியும் இல்லை. மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் வளையம் அசைந்தது. டிக் என்று உள்ளே போனது, வெளியே வந்தது. திரும்ப அமுக்கினேன், வந்தது. திரும்பத் திரும்ப அமுக்கிக்கொண்டே இருந்தேன், சீஃப், "போதும்டே" என்னும்வரை.

மூடியைப் போட்ட பிறகு லாக் புத்தகத்தை என் முன்னால் விரித்து வைத்தார். "பழைய பக்கத்தைத் தொடாத. இன்னைக்குத் தேதியில எழுது. உன் கையால." எழுதினேன். செப்டம்பர் ஏழு, பதினாலு, இருபத்தொன்று, எஞ்சின் சுற்றப்படவில்லை, சுற்றியதாக எழுதியது தவறு. கீழே பெயர். அவர் வாங்கி வாசித்து அதன் கீழே தன் கையெழுத்தையும் போட்டார். "இத கம்பெனிக்கு அனுப்பித்தான் ஆகணும், எனக்கு வேற வழி இல்ல. கிளாங்குல உன்ன இறங்கச் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது" என்றார். "சரி சார்" என்றேன். ஐந்து இருபதுக்கு எல்லாரும் அவரவர் இடத்தில் நின்றோம். முதல் தடவை காற்றை அடித்தபோது எஞ்சின் புரண்டது, சீஃப் எண்ணெய் கொடுத்தார், இருமியது, நின்றுவிட்டது. மேலே மூன்றாவது தட்டில் யாரோ சிலுவை போட்டுக்கொண்டார்கள். இரண்டாவது தடவை. ஒன்று பிடித்தது, இன்னொன்று, பிறகு எதெது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் ஆறும். காலுக்குக் கீழே தட்டு நடுங்கியது. வேதமுத்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஏதோ கத்துகிறான், வாய் மட்டும் தெரிகிறது, பாட்டா அழுகையா தெரியவில்லை. நான் நாலாம் நம்பர் பக்கத்தில் காதை வைத்தேன். எல்லாம் ஒரே சத்தம். சீஃப் என் காதில் குனிந்து கத்தினார், "கம்பெனி சொல்லுகது வரைக்கும் எட்டுலருந்து பன்னெண்டு உன் வாச் டூட்டி. போ, போயி எதாவது தின்னு."

தின்னப் போகவில்லை. மேல் தட்டுக்கு வந்தபோது நங்கூரச் சங்கிலி ஏறிக்கொண்டிருந்தது, பைலட் படகு பக்கத்தில் நின்றது, வெயில் இன்னும் இருந்தது. கப்பல் நகர்கிறதா என்று முதலில் தெரியவில்லை, பக்கத்துக் கப்பலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன், அது பின்னால் போகிறது. கரை மறையும்வரை மலேசியாக் கார்டுக்கு சிக்னல் இருக்கும். பிரகாசிக்கு அடித்தேன். "சாப்பிட்டியளா?" என்றாள், எடுத்ததும். செப்டம்பரில் செய்ததைச் சொன்னேன், இன்றைக்குச் சொன்னதைச் சொன்னேன், கிளாங்கில் இறக்கிவிட்டாலும் விடுவார்கள் என்றேன். அங்கே யாரோ குடத்தைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. "கப்பல் ஓடுதா?" என்றாள். "ஓடுது." "அது என்ன சத்தம் பின்னால?" "எஞ்சின். இப்பத்தான் விட்டோம்." "கிட்ட கொண்டு போயி பிடிங்க, கேப்போம்" என்றாள். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அவள் அதைக் கேட்டதில்லை, எனக்கும் தோன்றினதில்லை. எஞ்சின் அறைக்குள் போனால் சிக்னல் போய்விடும், அதனால் படிக்கட்டுக் கதவைத் திறந்து, கையை மட்டும் உள்ளே நீட்டிப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன், சூட்டுக் காற்று முகத்தில் அடித்தது. கொஞ்ச நேரம் கழித்துக் காதில் வைத்தேன். "இம்புட்டுச் சத்தத்துலயா இருபது வருஷமா வேல பாக்கிய?" என்றாள். பழகிவிடும் என்றேன், ஒன்றும் கேட்காது அப்புறம். "வைக்காதிய," என்றாள், "இன்னும் கொஞ்ச நேரம் பிடிங்க." திரும்பக் கையை உள்ளே நீட்டினேன், சிக்னல் போகும்வரை அப்படியே நின்றேன்.